மூடியின் மேல் உட்கார்ந்தவன்

குற்றாலிங்கத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் ஓர் ஆளின் கையை ஒடித்துக்கொண்டிருந்தான். 1938-ஆம் வருஷம், ஆடி மாதம், ஐந்தருவி. நல்ல சாரல், நல்ல கூட்டம். வெளியூர்த் தடியன் ஒருவன் வரிசையை மீறி அருவிக்குள் நுழையப் பார்த்தான். குறுக்கே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த குற்றாலிங்கத்தின் கூட்டாளி ஆதமைப் பிடித்துத் தள்ளினான். ஆதம் பாறையில் விழுந்து நெற்றி பிளந்துவிட்டது. தடியன் திரும்பிப் பார்ப்பதற்குள் குற்றாலிங்கம் அவனைக் குப்புறச் சாய்த்து, முதுகில் முழங்காலை ஊன்றி, வலது கையைப் பின்னால் வளைத்தான். எலும்பு முறிந்த சத்தம் அருவி இரைச்சலையும் மீறிக் கேட்டது. "விடுலே மாப்ளே, செத்துத் தொலைஞ்சிருவான்" என்று கண்ணில் ரத்தம் வழிய ஆதம்தான் குற்றாலிங்கத்தை இழுத்துக்கொண்டு போனான்.

நான் பிச்சுமணி, தென்காசி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அந்த அடிதடிக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் போகவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த நானும் போகவில்லை. என் தைரியம் அவ்வளவுதான்.

இதை முதலிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு ஊரில் அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவன் என்னவோ பதக்கத்தோடு பிறந்தவன் மாதிரி பேசுகிறார்கள். புலி என்கிறார்கள், சிங்கம் என்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் செய்த காரியத்தைப் புலியும் செய்யாது, சிங்கமும் செய்யாது. அதை மனுஷன்தான் செய்வான், செய்துவிட்டு மனுஷன்தான் அதோடு கிடந்து சாவான்.

குற்றாலிங்கத்துக்குக் குற்றாலத்தை அடுத்து ஒரு சிற்றூர். கொஞ்சம் வயல் உண்டு. சீசன் மூன்று மாதமும் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். எண்ணெய்க் கடை ஆதமின் வாப்பா சேக் தாவூதுடையது. சீசனில் ஐந்தருவியில் கொட்டகை போடுவார், மற்ற நாளில் தென்காசி பஜாரில் கடை. ஆதமும் குற்றாலிங்கமும் ஒருவரையொருவர் மாப்ளே என்பார்கள். குற்றாலிங்கத்துக்குச் சேக் தாவூது மாமா. அவன் வீட்டுச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் விளக்குக்கும் தீப்பந்தத்துக்கும் எண்ணெய் அவர் கடையிலிருந்துதான் வரும். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படி. அந்தக் கோயிலில் சாமியாடுகிற உரிமை குற்றாலிங்கம் குடும்பத்துக்கு.

1941-இல் கடற்படைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். தென்காசி ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது சேக் தாவூது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏலே குத்தாலம், இவன் துடுக்குப் பய. நீ பாத்துக்கோ" என்றார். "நான் இருக்கேன்லா மாமா" என்றான் அவன். ஒன்றரை வருஷத்தில் தந்தி வந்தது. ஆதம் போரில் இறந்துவிட்டான். பின்னாலேயே குற்றாலிங்கம் எழுதிய கடிதம்: குண்டு விழுந்தது, ஒரு நொடியில் முடிந்துவிட்டது, ஆதமுக்கு வேதனையே இல்லை. அந்தக் கடிதத்தைச் சேக் தாவூது சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஒரு நொடி, ஒரு நொடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

1943, சித்திரையில் குற்றாலிங்கம் லீவில் வந்தான். நெஞ்சில் ஒரு பதக்கம், பையில் இங்கிலீஷில் ஒரு காகிதம். கோயில் கொடைக்குப் பொறுப்பாளி வீரபாகு அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டு வந்தார். "பிச்சுமணி அண்ணாச்சி, இதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க. கொடையில ஊர் முன்னால வாசிக்கணும். இந்த வருசம் அவன்தான் சாமியாடுதான். பதக்கத்தைக் குத்திக்கிட்டே ஆடட்டும், நமக்குப் பெருமைல்லா" என்றார்.

வாசித்தேன். நடுவில் ஒரு வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். 'கீழே மூன்று மாலுமிகள் உயிரோடு இருப்பதையும், அவர்களில் ஒருவர் தன் சொந்த ஊர்க்காரர் என்பதையும் அறிந்தே, மூடியை அடைத்து, அதைத் திறக்க முயன்றவர்களைத் தடுத்துக் கப்பலைக் காப்பாற்றினார்.' அதே வரியை நாலு தடவை வாசித்தேன். பிறகு அவனைத் தேடிக்கொண்டு போனேன்.

ஐந்தருவியில் இருந்தான். சித்திரை வெயிலில் அருவி ஐந்தும் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தன. கடையும் இல்லை, கூட்டமும் இல்லை. பாறையில் உட்கார்ந்திருந்தவன் என் கையில் காகிதத்தைப் பார்த்ததும், "அந்த வரி வேண்டாம் அண்ணாச்சி" என்றான். நடந்ததை அவனாகவே சொன்னான்.

பர்மாவின் அரக்கான் கரையோரம். பழைய, சின்னப் போர்க்கப்பல். இரண்டு பேருக்கும் பாய்லர் அறையில் கரி அள்ளிப் போடுகிற வேலை. நோன்பு மாதம் அது. பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அந்தச் சூட்டில் பகலில் நிற்க முடியாது என்பதால் ஆதமுடைய பகல் முறையையும் குற்றாலிங்கமே பார்த்து வந்தான், ஆதம் இவனுடைய இரவு முறையைப் பார்த்தான். முந்தின நாள் நீராவி பட்டுக் குற்றாலிங்கத்தின் இடது கை வெந்துவிட்டது. "இன்னைக்கு ஒரு நாள் நான் எறங்குதேன். நீ கையை வச்சுக்கிட்டு மேல கெட" என்று ஆதம் இறங்கினான்.

"பத்து மணி இருக்கும் அண்ணாச்சி. மூணு பிளேன் வந்துது. மொதக் குண்டு கேப்டன் நின்ன எடத்துல. அங்கன ஒரு ஆளுகூட முழுசாக் கெடைக்கல. துப்பாக்கிக்காரன் ஒருத்தன் தலையில்லாம ரெண்டு எட்டு நடந்தான், நான் பாத்தேன். ரெண்டாவது குண்டு பக்கவாட்டுல. பாய்லர் ரூம் தகடு கிழிஞ்சு கடல் உள்ள வந்துட்டு."

பாய்லர் அறைக்கு ஏணி வழி ஒன்றுதான். ஏணியின் தலையில் கனத்த இரும்பு மூடி. குற்றாலிங்கம் அங்கே ஓடி, குப்புறப் படுத்துக் கையை நீட்டி ஐந்து பேரைத் தூக்கிவிட்டான். எல்லாரும் நீராவியில் வெந்தவர்கள். பிடித்த இடத்தில் தோல், அவித்த கிழங்குத் தோல் மாதிரி அவன் கையோடு உரிந்து வந்தது. அப்படியே ஒருவன் வழுக்கி மறுபடி உள்ளே விழுந்தான், திரும்ப வரவேயில்லை. கீழே இன்னும் மூன்று பேர். தண்ணீர் ஏணியின் பாதிக்கு வந்துவிட்டது. கப்பல் ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. அடுத்த அறையில் கிடந்த காயம்பட்டவர்களையும் சேர்த்துக் கப்பலில் எழுபது பேர். இந்த வழியாகத் தண்ணீர் ஏறினால் எழுபது பேரும் போவார்கள். உத்தரவு கொடுக்க ஓர் அதிகாரிகூட உயிரோடு இல்லை.

"ஆதம் தெரிஞ்சானா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சான். ஏணிக்கு அந்தப் பக்கம் ஒருத்தனை இழுத்துக்கிட்டு நின்னான். என்னைப் பாத்து 'இருலே, வாரேன்'னான். நான் மூடிட்டேன்."

மூடித் திருகுகளை முறுக்கினான். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தட்டுகிற சத்தம். மூடிக்கு அடியில் அடைபட்ட காற்றுதான் தண்ணீரை மேலே ஏறவிடாமல் பிடித்திருந்தது. அதே காற்றில்தான் அவர்களும் உயிரோடு இருந்தார்கள். பரீது என்ற காயல்பட்டினத்து மாலுமி அழுதுகொண்டே ஓடி வந்து திருகைக் கழற்றப் போனான். குற்றாலிங்கம் ஸ்பானரால் அவன் தாடையில் அடித்தான். தாடை நொறுங்கிப் பல் சிதறியது. இன்னொருவன் வந்தான், அவனுக்குத் தோளில் ஓர் அடி. பிறகு அந்த மூடியின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். சத்தம் நிற்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கப்பல் எப்படியோ சிட்டகாங் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்து முதலில் இறங்கியவனும் குற்றாலிங்கம்தான். மேலதிகாரிகள் விசாரித்தபோது, தாடையில் கட்டுப் போட்டிருந்த பரீதே, இவன் செய்ததுதான் சரி, திறந்திருந்தால் எல்லாரும் போயிருப்போம் என்று எழுதிக் கொடுத்தான். பதக்கம் வந்தது.

"மாமாவுக்குத் தெரியக் கூடாது அண்ணாச்சி. ஒரு நொடியில போயிட்டான்னு நம்பிக்கிட்டுல்லா இருக்காரு" என்றான்.

அந்த வரியை விட்டுவிட்டு, எழுபது பேரைக் காப்பாற்றினார் என்றுமட்டும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துச் சேக் தாவூது ஆபீஸ் வாசலுக்கு வந்தார். "அய்யா, அந்தக் காயிதத்துல எங்க ஆதம் பேரு இருக்கா?" என்று கேட்டார். பேர் இல்லை என்றேன். பேர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நான் சொன்னது பொய். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பைலைப் புரட்டினேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதோடு போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வில்லுப்பாட்டுக்காரர் சுடலைக்கண்ணு வந்து சேர்ந்தார். மாடன் கதைக்கு நடுவில் குற்றாலிங்கத்தின் வீரத்தையும் சேர்த்துப் பாடச் சொல்லி வீரபாகு அவரிடம் சொல்லியிருக்கிறார். நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல ஒரு சாவு இல்லையே அண்ணாச்சி. சாவு பாடாம சாமி வராது."

எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டில் அதுதான் வழக்கம். வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்தவர்களின் கதையைப் பாடுவார்கள். அந்தச் சாவைப் பாடுகிற இடத்தில் தாளம் ஏறும், சாமியாடிக்கு அருள் வரும். யார் சாவைப் பாடுகிறோமோ அவர் வந்து இறங்குவார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தும், குண்டு விழுந்து ஆதம் என்ற நண்பன் ஒரு நொடியில் இறந்தான் என்ற அந்தப் பொய்யையே எடுத்துக் கொடுத்தேன். பாடட்டும், கேட்டு அந்தக் கிழவர் ஆறுதல் அடையட்டும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உச்சிக்கொடை. பகல் பன்னிரண்டு மணி, சுட்டெரிக்கிற வெயில். கோயில் என்றால் கட்டடம் இல்லை, சுதை பூசிய செங்கல் பீடம், மேலே ஓலைப்பந்தல். ஏழு கிடாய் வெட்டியிருந்தார்கள். மணலில் ரத்தம் உறைந்து ஈ மொய்த்தது. குற்றாலிங்கம் இடுப்பில் சல்லடம் கட்டி, தலையில் குல்லா வைத்து, கையில் வல்லயம் என்ற ஈட்டியோடு நின்றான். மார்பில் குறுக்கே கட்டிய பட்டில் பதக்கம் குத்தியிருந்தது. பந்தலின் ஓரத்தில் எண்ணெய்த் தகரத்துக்குப் பக்கத்தில் சேக் தாவூது நின்றிருந்தார்.

மாடன் கதை பாதி போயிற்று. சாமி வரவில்லை. பெண்கள் குரவை போட்டுப் பார்த்தார்கள். சுடலைக்கண்ணு கப்பல் கதைக்குத் தாவினார். குண்டு விழுந்ததைப் பாடினார், ஆதம் மடிந்ததைப் பாடினார். தாளம் ஏறியது. குடம் அடிக்கிறவன் மண்குடத்தின் வாயில் மட்டையால் அடித்தான். தொம், தொம், தொம். குற்றாலிங்கத்தின் உடம்பு குலுங்குவதை நான் பார்த்தேன். நிறுத்துங்கள் என்று கத்தியிருக்க வேண்டும், நான் கத்தவில்லை.

அவன் வல்லயத்தை வீசி எறிந்தான். பீடத்தின் மேல் பாய்ந்து, இரண்டு முஷ்டியாலும் அதைக் குத்த ஆரம்பித்தான்.

"தொறலே! ஏலே குத்தாலம், தொறலே! தண்ணி கழுத்துக்கு வந்துட்டு மாப்ளே! தொறந்து விடுலே!"

சுதை பெயர்ந்தது. முட்டி கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவன் நிறுத்தவில்லை. வீரபாகு மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்து அவன் தோளைப் பிடித்தார். ஒரே உதறலில் அவர் பந்தக்கால் வரைக்கும் போய் விழுந்து வாயெல்லாம் ரத்தமாக எழுந்தார். பிடிக்கப் போன மற்ற நான்கு பேரையும் அவன் உதைத்தும் கடித்தும் விரட்டினான். பிறகு நெற்றியால் பீடத்தை முட்டத் தொடங்கினான். குரவை நின்று பெண்கள் அலறினார்கள். சுடலைக்கண்ணு பாட்டை நிறுத்திவிட்டார். குடம் அடிக்கிறவன்மட்டும் பயத்தில் கை நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தான்.

சேக் தாவூது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து வந்தார். கூட்டம் ஒதுங்கியது. அருள் வந்து நிற்கிறவரிடம் யாராவது ஒருவர் பெயர் கேட்க வேண்டும், வந்தவர் சொல்லியாக வேண்டும் என்பது கொடையின் முறை. அவர் கேட்டார்.

"யாரு வந்திருக்கது?"

"நான் ஆதம், வாப்பா."

"யாரு பூட்டுனா?"

"குத்தாலம் பூட்டிட்டான் வாப்பா. தட்டுதேன், தட்டுதேன், தொறக்க மாட்டேங்கான்."

அதைச் சொன்னதும் குற்றாலிங்கம் அடியற்று விழுந்தான். வந்தது ஆதமா, இவன் நெஞ்சுக்குள் கிடந்த பாரமா, எனக்குத் தெரியாது. ஊரில் இன்னும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

சேக் தாவூது அவன் பக்கத்தில், கிடாய் ரத்தத்திலேயே உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கி அவன் முகத்தில் அடித்தார். அவன் கண் விழிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"சாமி சொன்னது எனக்கு வேண்டாம். நீ சொல்லு. நீதான் பூட்டுனியா?"

"ஆமா மாமா."

"அவன் உசுரோட இருந்தது தெரியுமா?"

"தெரியும்."

"எம்புட்டு நேரம் தட்டுனான்?"

குற்றாலிங்கம் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேக்கேம்லா. எம்புட்டு நேரம்?"

"இருவது நிமிசம்."

"நீ எங்கன இருந்த?"

"மூடி மேல உக்காந்திருந்தேன் மாமா. வேற யாரும் தொறந்துரக் கூடாதுன்னு."

சேக் தாவூது அவனை அறைந்தார். அறுபது வயது மனிதர், வாழ்நாள் முழுக்கச் செக்கு எண்ணெய்த் தகரம் தூக்கிய கை. மறுபடி அறைந்தார். குற்றாலிங்கம் முகத்தைத் திருப்பவில்லை, கையைத் தூக்கவில்லை. அருவிக்கரையில் ஒரு தள்ளலுக்காக ஆள் கையை ஒடித்தவன், ஒவ்வோர் அறைக்கும் தலையை நேராக்கிக் காட்டினான். உதடு கிழிந்து பதக்கத்தின் ரிப்பனில் ரத்தம் சொட்டியது. கிழவருக்குத்தான் கை ஓய்ந்தது.

"பொதைச்சாகளா?"

"பொதைச்சோம் மாமா. நாந்தான் தூக்கியாந்தேன். பரீதும் இன்னும் ஆறு பேரும் தொழுதாக. மொறையா எல்லாம் நடந்துது."

அதற்குத் தலையை ஆட்டினார். 

"நான் அங்கன இருந்தா தொறந்திருப்பேன்லே. எழுவது பேரும் செத்திருப்பாக. நானும் செத்திருப்பேன். ஆனாலும் தொறந்திருப்பேன்" என்றார். பிறகு, "நீ செஞ்சதுதான் சரி. எனக்கு அது தெரியுது. ஆனா இனிமே என் கண்ணு முன்னால வராத" என்றார்.

எழுந்து போகும்போது என் முன்னால் நின்றார். "உமக்கும் தெரியும், என்ன?" என்றார். ஆமாம் என்றேன். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எண்ணெய்த் தகரத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

குற்றாலிங்கம் கப்பலுக்குத் திரும்பிப் போனான். போர் முடிந்து 1946-இல் ஊருக்கு வந்து வயலைப் பார்த்தான். கிழவர் சொன்ன சொல்லை அவன் மீறவில்லை. சீசனில் ஐந்தருவிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தென்காசிக்கு வர வேண்டியிருந்தால் பஜார் தெருவை விட்டு வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு வருவான். ஒருநாள் ஆலங்குளம் பஸ்ஸிலிருந்து சேக் தாவூது இறங்குவதைக் கண்டுவிட்டு, பதக்கம் வாங்கின அந்த மனுஷன் அதே பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் குனிந்து ஒளிந்து நின்றான். கூட நின்ற நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன். "அவரு போயிட்டாரா அண்ணாச்சி?" என்று இரண்டு தடவை கேட்டான். போய்விட்டார் என்ற பிறகுதான் நிமிர்ந்தான்.

இந்த வருஷம், 1948, ஐப்பசியில் சேக் தாவூது மௌத்தாகிவிட்டார். தகவல் கேட்டு நான் போனபோது மதியத் தொழுகைக்கு முன் எடுக்க வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் மழையில் நனைந்துகொண்டு குற்றாலிங்கம் நின்றான். உள்ளே வாடா என்றேன். வர மாட்டேன் என்று தலையசைத்தான்.

"அண்ணாச்சி, உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க. முகத்தை மூடிட்டாகளா?"

போய்ப் பார்த்தேன். உறவினர் எல்லாரும் முகம் பார்த்து முடித்து, கபன் துணியைத் தலைமாட்டில் கட்டியிருந்தார்கள். திரும்பி வந்து, மூடியாகிவிட்டது என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவன் வந்தான். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது தலைமாட்டுப் பக்கம் குனிந்து தோளைக் கொடுத்தான். யாரும் தடுக்கவில்லை. பள்ளிவாசல் வரைக்கும், அங்கிருந்து கபர்ஸ்தான் வரைக்கும், தோள் மாற்ற வந்த ஒருவருக்கும் அவன் இடம் கொடுக்கவில்லை.